விசாவை விலைக்கு வாங்காதீர்கள்

இல்லறத்தாருக்கு ஒரு வார்த்தை



வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகின்ற இருக்கன்குடியைச் சுற்றியுள்ள கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பும் பருத்தியும் மிளகாயும் மல்லியும் விளையும். பொய்த்தால் வீட்டுக்கு ஓர் ஆளாவது தீப்பெட்டிக்கோ பட்டாசுக்கோ அச்சகத்துக்கோ போயாக வேண்டும். இந்தத் தொழில்கள் நம் மக்களுக்குச் சோறு போட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்த நாள் முதல் பட்டாசுத் தொழிலில் நிலையான வேலை என்பது குறைந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. 'என் பிள்ளையாவது வேறு தொழிலுக்குப் போகட்டும்' என்று ஒரு தாய் எண்ணினால், அவளைக் குறை கூற யாரால் இயலும்?

அந்த எண்ணம் பல வீடுகளில் வெளிநாட்டு வேலை என்ற பேச்சாக முடிகிறது. பேச்சு தொடங்கியவுடன் எழுகின்ற முதற் கேள்வி, "விசா என்ன விலை?" என்பதே. ஒன்றரை இலட்சம் என்று ஒருவர் சொல்வார். எனக்குத் தெரிந்தவரிடம் ஒன்றேகாலுக்கு முடியும் என்று மற்றொருவர் சொல்வார். நகை அடகுக் கடைக்குப் போகும். வீட்டுப் பத்திரம் வட்டிக்காரர் பெட்டிக்குள் போகும். பிறகுதான் பிள்ளை விமானத்தில் ஏறுவான்.

இந்த இதழில் நாம் கூற விரும்புவது ஒன்றுதான். அந்த முதற் கேள்வியே பிழையானது. விசா என்பது கடைச்சரக்கு அன்று. வெளிநாட்டு முதலாளி ஒருவர், 'இந்த வேலைக்கு இந்த ஆள் எனக்குத் தேவை. இவருக்கு நான் பொறுப்பு' என்று தம் அரசாங்கத்திடம் விண்ணப்பித்துப் பெறுகின்ற அனுமதி அது. அதற்கான செலவும் பொறுப்பும் முதலாளியைச் சார்ந்தவை. இதை அறியாத காரணத்தினாலேயே நம் மக்கள் முதலாளி கட்ட வேண்டிய பணத்தைத் தாங்கள் கட்டுகிறார்கள். பல வேளைகளில் யாருமே கட்ட வேண்டாத பணத்தையும் கட்டுகிறார்கள்.

பழைய கதை, புதிய பாடம்

தொழில் தேடி ஊரைவிட்டுப் போவது நமக்குப் புதிதன்று. 1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்பதற்காகக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். மறு ஆண்டில் தொழிலறிவோடு திரும்பி வந்தார்கள். இன்று நாம் காணும் சிவகாசி அந்தப் பயணத்திலிருந்து முளைத்ததாகும்.

அதே 1922ஆம் ஆண்டில்தான் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அச்சட்டத்திற்கு என்ன தேவை வந்தது? இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் ஆட்களை அழைத்துச் சென்ற காலம் அது. கங்காணி முன்பணம் கொடுப்பார், வழிச்செலவு கொடுப்பார், அத்தனையும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். இலங்கையில் இக்கடனைக் குறித்து வைத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டில் எழுதிய கடன் தீராமல் தொழிலாளி தோட்டம் மாற இயலாது. அத்துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கையிலும் காலிலும் விலங்கு பூட்டப்படவில்லை. ஆயினும் கடன் விலங்கின் வேலையைச் செய்தது.

கடனோடு புறப்பட்டவன் கூலியைக் கேட்டுப் பேச முடியாதவனாகிறான். நூறு ஆண்டுகளுக்கு முன் மெய்யாயிருந்த இந்த உண்மை இன்றும் மெய்தான். சிவகாசியிலிருந்து தொழிலறிவைத் தேடிப் போன இருவரையும், துண்டோடு கப்பலேறிய ஆயிரக்கணக்கானோரையும் ஒருசேர நினைத்துப் பார்த்தால், நம் பிள்ளை எந்த வழியில் போக வேண்டும் என்பது விளங்கும்.

முதலாளி எவ்வாறு விசா பெறுகிறார்?

2015ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தமிழ்நாட்டுக் குடிபெயர்வு ஆய்வு, சுமார் 22 இலட்சம் தமிழ்நாட்டார் வெளிநாடுகளில் வாழ்ந்ததாகக் கணக்கிட்டது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு நாடு, சவூதி அரேபியா ஆகியவை அவர்கள் மிகுதியாக இருந்த நாடுகள். ஆகவே வளைகுடா நாடுகளில் நடைபெறும் முறையை முதலில் பார்ப்போம்.

அங்குள்ள நிறுவனம் ஒன்றுக்குப் பத்து வெல்டர்கள் தேவை என்று வைத்துக்கொள்வோம். அந்நிறுவனம் தன் நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கிறது. நிறுவனம் முறையாகப் பதிவு பெற்றதா, எத்தனை வெளிநாட்டாரை வைத்துக்கொள்ளலாம், சொந்த நாட்டாருக்குரிய விழுக்காட்டை நிறைவு செய்திருக்கிறதா என்பனவற்றை அமைச்சகம் பார்க்கிறது. பின்னர் இன்ன தொழிலுக்கு இத்தனை பேர் என்று அனுமதி தருகிறது. அந்த அனுமதியில் தொழிலின் பெயர் இருக்கும் என்பதைக் கவனியுங்கள். வெல்டருக்குப் பெற்ற விசாவில் ஓட்டுநரை அழைப்பது முறையன்று.

அதன்பின் நம் நாட்டுப் பக்கம் செய்ய வேண்டியவை தொடங்குகின்றன. வெளிநாட்டு முதலாளி நம் மத்திய அரசின் இ-மைகிரேட் என்னும் கணினித் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இது 2014 முதல் நடைமுறையில் உள்ளது. இன்ன தொழிலுக்கு இத்தனை பேர், இன்ன சம்பளம் என்று கூறும் ஆள்தேவைக் கடிதம் ஒன்று; இன்ன முகவர் எனக்காக ஆள் சேர்க்கலாம் என்னும் அதிகாரப் பத்திரம் ஒன்று; வேலை ஒப்பந்தத்தின் மாதிரி ஒன்று. இம்மூன்று காகிதங்களும் சட்டபூர்வமான ஆள்சேர்ப்பின் அடிப்படை. ஏஜெண்ட் ஒருவர் உங்களிடம் பேச வந்தால், இம்மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் காட்டத் தயங்கமாட்டார்.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், பதிவுச் சான்றிதழ் பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது என்று கூறுகிறது. பதிவு பெற்ற முகவரின் பெயரையும் எண்ணையும் இ-மைகிரேட் தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவரின் 'ஆள்' என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் வருகிற துணை ஏஜெண்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. அவர் நம் உறவினராயிருக்கலாம். கோவிலில் நம்மோடு முழங்காலிடுபவராயிருக்கலாம். அதனால் சட்டம் மாறிவிடாது. இச்சட்டத்திற்குப் பதிலாகப் புதிய மசோதா ஒன்றின் வரைவை மத்திய அரசு 2025இல் மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. சட்டம் மாறினாலும் காகிதத்தைக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் மாற வேண்டியதில்லை.

யார் கட்ட வேண்டிய பணம்?

சவூதி அரேபியாவின் தொழிலாளர் சட்டம், அதன் 40ஆம் பிரிவில், வெளிநாட்டுத் தொழிலாளியை வரவழைக்கும் கட்டணம், இக்காமா என்னும் வசிப்பிட அட்டை, தொழில் அனுமதி, அவற்றைப் புதுப்பிக்கும் கட்டணம், ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றை முதலாளியின் தலையில் வைக்கிறது. ஐக்கிய அரபு நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள்சேர்ப்புச் செலவை நேராகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று தடுக்கிறது. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் வரும் ஒவ்வொரு இந்தியத் தொழிலாளிக்காகவும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணைமுறி தரவேண்டும். மாதந்தோறும் அரசுக்கு லெவி என்னும் தீர்வை கட்டவேண்டும். மருத்துவக் காப்புறுதி எடுக்கவேண்டும். இவற்றைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது அங்கே குற்றம்.

மேலை நாடுகளிலும் இதே நெறிதான். பிரிட்டனில் வெளிநாட்டுத் திறனாளியை வேலைக்கு அழைக்க விரும்பும் நிறுவனம் முதலில் அரசிடம் ஸ்பான்சர் உரிமம் பெற வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. பிறகு ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஸ்பான்சர் சான்று ஒன்றை நிறுவனம் வழங்குகிறது. சான்று என்றவுடன் முத்திரை குத்திய காகிதம் என்று எண்ண வேண்டாம். அது கணினியில் பதிவாகும் ஓர் எண். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டத்தக்க அழகிய சான்றிதழை ஒருவர் காட்டினால், அங்கேயே சந்தேகம் கொள்ளலாம். 2024 டிசம்பர் 31 முதல், உரிமக் கட்டணத்தையும் சான்றின் கட்டணத்தையும் திறனாளித் தொழிலாளியிடமிருந்து வசூலிக்கும் நிறுவனம் தன் உரிமத்தை இழக்க நேரிடும். முதியோர் பராமரிப்பு வேலைக்கென்று வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் வழியைப் பிரிட்டன் 2025 ஜூலை 22 அன்று மூடிவிட்டது. அதன் பின்னும் 'லண்டனில் முதியோர் இல்ல வேலை' என்று பணம் கேட்பவரை என்னவென்று சொல்வது?

ஆஸ்திரேலியாவில் ஸ்பான்சர் செய்வதற்குப் பணம் கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பர் முதல் சட்டவிரோதம். அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 இடங்களும், அங்கே முதுகலைப் பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000 இடங்களும் உண்டு. ஊரில் நிலவும் சம்பளத்தைத் தருவேன் என்று முதலாளி அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு உறுதி எழுதித்தர வேண்டும். 2025 செப்டம்பரில் வெளியான அதிபரின் ஆணை, வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படுவோருக்கான மனுக்களின் மேல் ஓர் இலட்சம் டாலர் கட்டணத்தைச் சுமத்தியது. அத்தகைய தொகையைக் கட்டி ஒருவரை அழைக்கும் முதலாளி, எத்தகைய திறனைத் தேடுவார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நாடும் பிறநாட்டாரிடம் இவ்வாறே நடந்துகொள்கிறது. வெளிநாட்டார் ஒருவரை இந்திய நிறுவனம் வேலைக்கு அழைக்க வேண்டுமானால், அவ்வேலைக்குத் தகுதியுள்ள இந்தியர் மிகுதியாகக் கிடைக்கும் நிலை இருக்கக் கூடாது. சில விலக்குகள் நீங்கலாக, ஆண்டுச் சம்பளம் ரூ. 16.25 இலட்சத்துக்குக் குறையவும் கூடாது. தன் மக்களின் வேலையைக் காப்பதும், வருகிற விருந்தாளியை முதலாளியின் பொறுப்பில் விடுவதும் எல்லா நாடுகளுக்கும் பொதுவான நெறிகள். இந்நெறியைப் புரிந்துகொண்டால், திறன் இருக்கிறவனை முதலாளியே தேடி வருவான் என்பதும், திறன் இல்லாதவனுக்குப் பணம் கொடுத்து வாங்கிய காகிதம் நெடுநாள் துணை நில்லாது என்பதும் புலப்படும்.

ஒரு கணக்கு

இனி, நம் நாட்டில் முகவருக்குத் தரவேண்டியது எவ்வளவு? பதிவு பெற்ற முகவர் தம் சேவைக்காகத் தொழிலாளியிடம் வாங்கத்தக்க உச்சத் தொகை ரூ. 30,000. இதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி சேர்ந்தால் ரூ. 35,400. வாங்கிய தொகைக்கு அவர் இரசீது தரவேண்டும். பாஸ்போர்ட்டின் சாதாரணக் கட்டணம் ரூ. 1,500. குடிபெயர்வு அனுமதி தேவைப்படுவோர் எடுக்க வேண்டிய பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்புறுதிக்கு இரண்டு ஆண்டுக்கு ரூ. 275, மூன்று ஆண்டுக்கு ரூ. 375, வரி தனி. விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் ரூ. 10 இலட்சம் கிடைக்கும்.

இப்போது கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சிவகாசி அச்சகம் ஒன்றில் ஆப்செட் இயந்திரம் ஓட்டத் தெரிந்த இளைஞன். 'விசா விலை' ஒன்றரை இலட்சம் என்கிறார் தரகர். தந்தை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குகிறார். மாத வட்டி ரூ. 4,500. மகன் மாதம் ரூ. 15,000 அனுப்புவதாக வைத்துக்கொண்டாலும், பத்தில் மூன்று பங்கு வட்டிக்கே போய்விடும். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடியும்போது வட்டி மட்டும் ரூ. 1,08,000 கட்டியிருப்பார்கள், முதல் அப்படியே நிற்கும். இதற்கிடையில் தங்கையின் திருமணம் வரும். தகப்பனார்க்கு நோய் வரும். 'இன்னும் இரண்டு வருடம் இருந்துவிட்டு வருகிறேன்' என்று மகன் எழுதுவான். மனைவி இருந்தால், அவள் தனிமையும் இரண்டு வருடம் நீளும்; குழந்தை தகப்பனைப் படத்தில் கண்டு வளரும். வட்டிக் கணக்கில் ஏறாத இந்தச் செலவையும் குடும்பம் கணக்கிட வேண்டும்.

அந்தத் தரகர் கேட்ட தொகைக்கும் சட்டம் அனுமதிக்கும் ரூ. 35,400-க்கும் இடையிலுள்ள வேற்றுமை ரூ. 1,14,600. அந்தத் தொகைக்கு இரசீது கேட்டுப் பாருங்கள், கிடைக்காது. இரசீது இல்லாத பணத்தை எந்த அதிகாரியிடம் போய் முறையிடுவது?

பத்தாம் வகுப்பின் அருமை

பாஸ்போர்ட்டில் ஒரு குறிப்பு உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாத பெரும்பாலோர் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பிரிவில் வருவர். சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு நாடு, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் இவர்கள் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதியைப் பெற வேண்டும். அவ்வலுவலகம் நம் மாநிலத்தில் சென்னையில் உள்ளது. இப்பிரிவைச் சேர்ந்த பெண்கள் 30 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும்.

இந்த அனுமதியைச் சிலர் தொல்லையாகக் கருதுகிறார்கள். உண்மையில் அது ஒரு வேலி. ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் முதலாளியையும் யாரோ ஒருவர் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு இந்த வேலி இல்லை. ஆகவே அவர்கள் தாங்களே தங்களுக்குக் காவலாக இருக்க வேண்டும். படித்த பிள்ளை ஏமாறமாட்டான் என்று நாம் எண்ணுகிறோம். 2022ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அடைத்து வைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டவர்களில் படித்த தமிழ் இளைஞர்கள் பலர் இருந்தார்கள்.

நம் குடும்பங்களில் செவிலியப் பெண்கள் மிகுதி என்பதால் அவர்களுக்கென ஒரு சொல். மேற்சொன்ன 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர், பட்டம் பெற்றிருந்தாலும், 2015 மே 30 முதல் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும்; அரசு ஏற்றுக்கொண்ட அமைப்புகளின் வழியே செல்லவேண்டும் என்று விதி செய்யப்பட்டது. செவிலியரிடம் பல இலட்சங்களை வாங்கிய தரகர்களின் கொள்ளையைத் தடுக்கவே அவ்விதி பிறந்தது. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் அவ்வமைப்புகளில் ஒன்று. 1978இல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம் செவிலியர் மட்டுமன்றிப் பிற தொழிலாளரையும் வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிறது. நம் ஊர்ப்பக்கம் இதன் பெயரையே அறியாதவர்கள் தரகரின் பெயரை மட்டும் அறிந்திருப்பது வருந்தத்தக்கது.

மூன்று படுகுழிகள்

முதலாவது, சுற்றுலா விசா. 'இப்போது விசிட்டில் போ. அங்கே போனபின் மாற்றிக்கொள்ளலாம்' என்பார்கள். விசிட் விசாவில் சென்றவன் அங்கே வேலை செய்தால் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. சம்பளம் தராத முதலாளியின்மேல் அவன் புகார் செய்யவும் அஞ்சுவான்.

இரண்டாவது, 'ஃப்ரீ விசா'. பெயர் இனிமையானது. இதில் ஒருவர் பெயரளவில் கஃபீல் ஆகக் கையெழுத்திடுவார், வேலை தரமாட்டார். நீ எங்கே வேண்டுமானாலும் வேலை தேடிக்கொள், எனக்கு ஆண்டுதோறும் இவ்வளவு கொடு என்பார். ஸ்பான்சரை விட்டு வேறிடத்தில் வேலை செய்பவன் பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் தொழிலாளியின் தலையில் விழும். கத்தார் 2020இலும், சவூதி 2021இலும் முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையை ஓரளவு விரிவாக்கின. அவ்வுரிமை முறையான ஒப்பந்தத்தோடு சென்றவனுக்கே பயன்படும். பெயரளவு ஒப்பந்தத்தில் சென்றவனுக்கு அது எட்டாக்கனி.

மூன்றாவது, ஒப்பந்தத்தில் ஒன்றும் நேரில் ஒன்றும். ஊரில் கணக்கர் வேலை என்று சொல்லி, அங்கே சுமை தூக்க வைப்பது. இதைத் தடுக்கச் சில நாடுகள் நல்ல ஏற்பாடுகளைச் செய்துள்ளன. ஐக்கிய அரபு நாட்டின் வேலை உறுதிக் கடிதத்தைத் தமிழிலும் பெறலாம். கத்தார் நாட்டு விசா மையம் சென்னையில் 2019இல் திறக்கப்பட்டது. புறப்படுமுன்னரே ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திட அங்கே வழி உண்டு. சிங்கப்பூரில் முன் அனுமதிக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளமும் பிடித்தங்களும் எழுதப்பட்டிருக்கும். ஆனால் படிக்காமல் கையெழுத்திடுபவனை எந்த ஏற்பாடும் காக்காது. அவசரப்படுத்துகிறவரிடம், 'வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளை வருகிறேன்' என்று சொல்லும் துணிவு வேண்டும்.

வீட்டில் இருப்போர் செய்ய வேண்டியவை

பிள்ளை புறப்படுமுன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்புறுதிப் பத்திரம், முகவரின் இரசீது ஆகிய ஐந்தின் நகல்களும் வீட்டில் இருக்கட்டும். முதலாளியின் பெயர், நிறுவனத்தின் முகவரி, தங்கும் இடம் ஆகியவற்றை நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். காப்புறுதியில் வாரிசாக யார் பெயர் உள்ளது என்பதை மனைவியோ தாயோ அறிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் மிகையான அச்சம் என்று தோன்றலாம். 2024 ஜூன் 12 விடியற்காலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியது. நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டார்கள்; அவர்களில் எழுவர் நம் தமிழ்நாட்டார். உறக்கத்திலிருந்து எழாமலே போன பிள்ளைகள் அவர்கள். எவரும் இதை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. எனினும் காகிதங்கள் ஒழுங்காக இருந்தால், துயரத்தோடு அலைச்சலும் சேர்ந்து ஒரு குடும்பத்தை வாட்டாது.

இடர் நேர்ந்தால் தனியாகத் தவிக்க வேண்டாம். வெளிநாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு முறையிட மத்திய அரசு 2015இல் 'மதத்' என்னும் இணையத் தளத்தை ஏற்படுத்தியது. தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நலநிதி உண்டு. கைவிடப்பட்டவர்க்குத் தங்குமிடம், பயணச்சீட்டு, இறந்தோர் உடலை ஊருக்கு அனுப்புதல் ஆகியவற்றுக்கு அந்நிதி பயன்படுகிறது. தமிழக அரசு அயலகத் தமிழர்க்கெனத் தனித்துறையை 2021இல் அமைத்தது. இவற்றை அறிந்து வைத்திருப்பது இளைஞரின் கடமை மட்டுமன்று. வீட்டில் இருப்போரின் கடமையும் ஆகும்.

அழைப்பவர்க்கும் ஒரு வார்த்தை

இவ்விதழை வெளிநாட்டில் இருந்து படிப்போரும் உளர். அங்கே சென்று உழைத்து முன்னேறி, கடையோ பட்டறையோ வைத்திருப்போர் சிலர். நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்போர் சிலர். ஊரிலிருந்து நாலு பேரைக் கொண்டுவந்து கைதூக்கிவிட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். அதைச் செவ்வையாகச் செய்யுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

செய்ய வேண்டிய பணியின் பெயரிலேயே விசா எடுங்கள். அனுமதிக் கட்டணத்தையும் அட்டையின் கட்டணத்தையும் நீங்களே கட்டுங்கள். பிறகு சம்பளத்தில் தவணையாகப் பிடிக்காதீர்கள். சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். பாஸ்போர்ட்டை 'பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று வாங்கிப் பெட்டியில் பூட்டாதீர்கள். அது அவனுடைய உடைமை. சொந்தக்காரன்தானே என்று ஒப்பந்தமில்லாமல் அழைப்பதைக் காட்டிலும், சொந்தக்காரன் என்பதாலேயே எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது மேலானது. எழுதாத பேச்சினால் முறிந்த உறவுகள் எத்தனை! அக்காள் மகனை அழைத்து வந்த தாய்மாமன் அவனிடம் விசாவுக்குப் பணம் வாங்கினால், அவர் மாமனாக இராமல் கங்காணியாகிவிடுகிறார்.

திருக்குடும்பமும் ஒரு காலத்தில் எகிப்து நாட்டில் அன்னியராய் வாழ்ந்ததை நாம் அறிவோம். பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இல் வெளியிட்ட ஆவணத்தில், புலம்பெயரும் குடும்பங்கள் அனைத்துக்கும் அத்திருக்குடும்பத்தையே முன்மாதிரியாகக் காட்டினார். அன்னிய மண்ணில் உழைப்பவனின் கூலியைத் தன் பைக்குத் திருப்புகிறவர், ஞாயிறுதோறும் பலிபூசைக்கு வந்தாலும், தம் மனச்சான்றை ஆராய்ந்து பார்க்க வேண்டியவரே.

முடிவாக, பெற்றோரே, விசாவுக்கென்று நீங்கள் திரட்டும் பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளையின் திறனுக்குச் செலவிடுங்கள். தொழிற்பயிற்சிச் சான்று, வெல்டிங்கிலோ மின்வேலையிலோ தேர்ச்சி, ஓட்டுநர் உரிமம், ஆங்கிலமோ ஜெர்மனோ ஜப்பானிய மொழியோ பேசும் பழக்கம் ஆகியவை எந்தத் தரகராலும் பறிக்க முடியாத சொத்துகள். வெளிநாடு கிடைக்காமற் போனாலும் அவை சாத்தூரிலும் சிவகாசியிலும் சோறு போடும். அடுத்த முறை ஒருவர் உங்கள் திண்ணையில் அமர்ந்து விசாவைப் பற்றிப் பேசினால், விலையைக் கேட்காதீர்கள். முதலாளி யார், வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, முகவரின் பதிவு எண் எது, இரசீது கிடைக்குமா என்ற ஐந்தையும் கேளுங்கள். ஐந்துக்கும் விடை கிடைத்தபின், பிள்ளைக்கு ஆசி கூறி அனுப்புங்கள்.